செய்தியில் விடுபட்ட பெயர்

எங்கள் பக்கத்துக் காலனி ஒன்றில் மாலை நேரப் படிப்பகம் நடத்திவருகிறோம். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் ஆறு மணிக்குக் கூடுவார்கள். கணக்கும் ஆங்கிலமும் முடிந்த பிறகு கடைசி அரை மணி நேரம் நாளிதழ் வாசிப்பு. ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு.

சில மாதங்களுக்கு முன் ஒருநாள் பிளஸ் டூ படிக்கும் மாணவி ஒருத்தி, உள்பக்க மூலையில் இருந்த ஐந்து வரிச் செய்தியை வாசித்தாள். சுடுகாட்டுப் பாதை தொடர்பாக இரு தரப்பினரிடையே வாக்குவாதம். போலீசார் பேச்சுவார்த்தை நடத்திச் சமாதானம் செய்தனர். அந்தச் சாலையில் இரண்டு மணி நேரம் போக்குவரத்து பாதிக்கப்பட்டது. அவ்வளவுதான் செய்தி. வாசித்து முடித்தவள் தாளை மடிக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

“அக்கா, செத்தது எங்க பாட்டி. பாட்டி பேரு எங்கயும் இல்லையே. பஸ் நின்ன நேரம் மட்டும் கரெக்டா போட்டிருக்காங்க.”

அங்கிருந்த யாரும் பேசவில்லை. அன்று நடந்தது எல்லோருக்கும் தெரியும். காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் வழி ஊர்த் தெருவை ஒட்டிச் செல்கிறது. அந்த வழியாகப் பாடை வரக்கூடாது என்று சிலர் மறித்தார்கள். மழை பெய்து வரப்பெல்லாம் சேறு. வேறு வழியில்லாமல் உடலைச் சாலையோரம் இறக்கி வைத்துவிட்டு உறவினர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். செய்தியில் இருந்த ஐந்து வரியிலும் ஒரு பொய் கிடையாது. வாக்குவாதம் நடந்தது, போலீசார் வந்தார்கள், பேருந்து நின்றது. மறித்தது யார், மறிக்கப்பட்டது யார், எதற்காக என்ற மூன்று விவரங்கள்தாம் காணாமல் போயிருந்தன.

அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கே பதில் சொல்லி முடிக்க என்னால் முடியவில்லை. அடுத்து வந்த பல மாலைகளில் அதைப் பற்றியே பேசினோம். அங்கே பேசியதை இந்தப் பகுதியின் வாசகர்களுக்கும், குறிப்பாக மாணவர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

சேதி சுமந்தவர்கள்

ஒருவர் இன்னொருவரிடம் பேசினால் அது தகவல் தொடர்பு. ஒரே இடத்திலிருந்து ஒரே சேதி, முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோருக்குப் போய்ச் சேர்ந்தால் அது வெகுஜனத் தொடர்பு. நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி, இன்று கையில் இருக்கும் கைப்பேசி எல்லாம் இதற்குள் வரும். சொல்பவர், சேதி, ஊடகம், கேட்பவர் என்று நான்காகப் பிரித்துப் பாடப் புத்தகங்கள் இதை விளக்கும். கடைசியில் ‘பின்னூட்டம்’ என்று ஒன்றைச் சேர்க்கும். கேட்டவர் திரும்பப் பேச முடிகிறதா என்பதுதான் பின்னூட்டம். நமக்கு முக்கியமானது அதுவே.

ஏனென்றால் சேதி சொல்லும் வேலை நமக்குப் புதிதல்ல. ஊருக்கு ஊர் தண்டோரா போட்டவர்கள் நம் தாத்தாக்கள். வரி கட்டச் சொல்லியும், திருவிழாவுக்கு நாள் குறித்தும், ஏரி மதகு திறப்பதைச் சொல்லியும் பறையடித்தவர்கள் அவர்கள். ஊரில் பெரிய வீட்டில் சாவு விழுந்தால், உறவினர் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் நடந்தே போய் இழவு சொன்னவர்களும் அவர்கள்தாம். விருப்பப்பட்டுச் செய்த வேலையா என்றால் இல்லை. பிறப்பால் தலையில் கட்டப்பட்ட வேலை. சேதியைச் சுமந்தார்கள், ஆனால் சேதி அவர்களுடையதாக இருந்ததில்லை. ஊராட்சிகளில் ஒட்டிக்கொண்டிருந்த தண்டோரா வழக்கத்தைக் கைவிடும்படி தமிழக அரசு மாவட்ட நிர்வாகங்களுக்கு அறிவுறுத்தியதே 2022இல்தான்.

ஊரார் வீட்டுச் சாவை ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர்களின் பேத்தி, தன் பாட்டியின் சாவு செய்தித்தாளில் எப்படி வந்திருக்கிறது என்று கேட்கிறாள். அவள் கேள்வியின் கனம் அங்கேதான் இருக்கிறது.

அச்சு வந்த வழி

இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் ‘தம்பிரான் வணக்கம்’. 1578இல் கொல்லத்தில் பாதிரியார் அண்டிரிக் அடிகளாரின் முயற்சியால் வெளிவந்தது. பதினாறே பக்கம். பிறகு 1712-13ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடிக்கு அச்சுப்பொறியும், ஜெர்மனியிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. சீகன்பால்க் அங்கே தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு 1715இல் முடித்தார். ஓலையில் இருந்தவரை எழுத்து சில வீடுகளின் பரணில் இருந்தது. அச்சு வந்த பிறகு அதே எழுத்து நூறு பிரதியாக, ஆயிரம் பிரதியாகப் பெருகியது. பரண் வைத்திருந்தவரின் அனுமதி இல்லாமலும் ஒருவர் படிக்க முடியும் என்ற நிலை பிறந்தது.

செய்தித்தாள் அதற்கும் பிந்தியது. இந்தியாவின் முதல் செய்தித்தாளை 1780 ஜனவரியில் கல்கத்தாவில் ஹிக்கி என்ற அயர்லாந்துக்காரர் தொடங்கினார். கம்பெனி அதிகாரிகளைச் சாடி எழுதியதால் சிறைக்குப் போனார். பத்திரிகை நடத்த உரிமம் வேண்டும் என்றிருந்த கட்டுப்பாடு 1835இல் தளர்ந்தது. சென்னையில் 1878இல் ‘தி இந்து’, 1882இல் ‘சுதேசமித்திரன்’ என்று இந்தியர்களின் பத்திரிகைகள் வந்தன. பள்ளிக்கூடத்தில் படிக்கும் பத்திரிகை வரலாறு பெரும்பாலும் இந்த வழியாகவே போகும்.

அந்தப் பாடத்தில் விடுபட்டவை சில. ‘சூரியோதயம்’ என்ற தலித் இதழ் 1869இல் வெளிவந்தது. ‘சுதேசமித்திரன்’ தொடங்குவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே. 1871இல் ‘பஞ்சமன்’, 1885இல் ‘திராவிட பாண்டியன்’, அதற்கடுத்து ‘மகாவிகடதூதன்’, 1900இல் ‘பூலோகவியாசன்’ என்று வரிசை நீள்கிறது. இவற்றில் பலவற்றின் பெயர் மட்டுமே நம் கைக்கு வந்திருக்கிறது. இதழ்கள் கிடைக்கவில்லை. நூலகங்கள் எதைச் சேர்த்து வைத்தன, எதைச் சேர்க்கவில்லை என்பதும் பத்திரிகை வரலாற்றின் ஒரு பகுதிதான்.

இரண்டு அணாவும் ஒரு பைசாவும்

செங்கல்பட்டுப் பகுதியின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் சென்னையில் ஓர் இதழைத் தொடங்கினார். பெயர் ‘பறையன்’. விலை இரண்டு அணா. வசவாகப் பயன்பட்ட சொல்லையே தலைப்பாக அச்சடித்தார். முதலில் மாத இதழ். மூன்று மாதத்தில் வார இதழானது. 1900 வரை வந்தது. அந்தப் பெயரை அயோத்திதாசப் பண்டிதர் ஏற்கவில்லை. மற்றவர் நமக்கு வைத்த பெயரை நாமே சுமக்கலாகாது என்பது அவர் கட்சி. நமக்குள்ளேயே இப்படி ஒரு விவாதம் அன்றைக்கே அச்சில் நடந்திருக்கிறது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் தம் வார இதழைக் கொண்டுவந்தார். நான்கு பக்கம். விலையே பெயரானது: ‘ஒரு பைசாத் தமிழன்’. அன்றைய கணக்கில் ரூபாய்க்கு அறுபத்து நான்கு பைசா. கூலிக்காரரும் வாங்க வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. அடுத்த ஆண்டு வாசகர்கள் கேட்டுக்கொண்டபடி ‘தமிழன்’ என்று பெயர் சுருங்கியது. வரலாறு, பௌத்தம், மருத்துவம், அரசாங்க ஆணைகள் பற்றிய விமர்சனம், வாசகர் கேள்வி, அதற்குப் பதில் எல்லாம் அதில் வந்தன. கிராமத்தில் கிணறு மறுக்கப்பட்ட, வழி மறுக்கப்பட்ட சங்கதிகளும் வந்தன. கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்களும், கடல் கடந்து பிழைக்கப் போனவர்களும் அதன் வாசகர்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, தெரியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் அது. எங்கள் படிப்பகத்தின் கடைசி அரை மணி நேரம் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

1914இல் அயோத்திதாசர் மறைந்தார். அதன் பிறகும் இதழ் கைமாறி, தங்கவயலிலிருந்து கோ. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. ஒரு கட்டத்தில் நின்றது. தமிழ் படித்த பலருக்கும் அந்தப் பெயரே தெரியாமல் பல பத்தாண்டுகள் ஓடின. தமிழில் முதுகலை படித்த எனக்கும் வகுப்பறையில் ஒரு முறைகூட அந்தப் பெயர் சொல்லப்படவில்லை. ஆனால் அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய தாள்களைக் கண்ணைப்போல் காத்து வைத்திருந்தார்கள். அவற்றைக் கொண்டு ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. ஒரு பைசாத் தாளைச் சிலர் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் வைத்திருந்ததால்தான் தமிழகத்தின் அறிவு வரலாற்றை இன்று வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கிறது.

விளம்பரம்கூட மறுக்கப்பட்டது

மராட்டிய நாட்டிலும் இதே கதை நடந்தது. அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். ‘ஊமைகளின் தலைவன்’ என்று பொருள். கோல்ஹாப்பூர் மன்னர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்து உதவினார். இப்படி ஓர் இதழ் வருகிறது என்று விளம்பரம் செய்ய அன்றைய புகழ்பெற்ற ‘கேசரி’ பத்திரிகையை அணுகினார்கள். இலவசமாக வேண்டாம், காசு தருகிறோம் என்றார்கள். கேசரி அதற்கும் மறுத்துவிட்டது. இதை அம்பேத்கரே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். அவர் சோர்ந்துவிடவில்லை. 1927இல் ‘பகிஷ்கிருத் பாரத்’, 1930இல் ‘ஜனதா’, 1956இல் ‘பிரபுத்த பாரத்’ என்று கடைசி ஆண்டு வரை அவரது பத்திரிகைப் பணி தொடர்ந்தது. சட்டம் எழுதிய கை பத்திரிகையையும் விடாமல் பிடித்திருந்ததற்குக் காரணம் இருக்கிறது. உரிமை தாளில் இருந்தால் போதாது, அது மீறப்படும்போது நாலு பேருக்குத் தெரிய வேண்டும்.

இன்றைக்கு நிலைமை மாறிவிட்டதா? 2006இல் டெல்லியில் உள்ள 37 இந்தி, ஆங்கில ஊடகங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரை ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். தலித்தோ பழங்குடியோ ஒருவரும் இல்லை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து 2019இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் 121 தலைமைப் பொறுப்புகள் பார்க்கப்பட்டன. 106 பேர் உயர்சாதியினர். தலித், பழங்குடி அப்போதும் பூஜ்யம்.

இதனால் செய்தியாளர்கள் எல்லோரும் வேண்டுமென்றே மறைக்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு சிற்றூர்ச் செய்தி தாளில் ஏறும் வழியைப் பாருங்கள். வட்டாரத்தில் ஒரு பகுதிநேரச் செய்தியாளர் இருப்பார். பல ஊர்களுக்கு அவர் ஒருவர். சம்பவ இடத்துக்குப் போக நேரமிருக்காது. காவல் நிலையத்துக்குப் போன் போடுவார். காவல் நிலையம் ‘இரு தரப்பு’ என்று சொல்லும். அதுதான் அவர்களுக்குப் பத்திரமான சொல். மாவட்டத் தலைநகரில் இருக்கும் உதவி ஆசிரியர் அதை ஐந்து வரியாகச் சுருக்குவார். கடைசி நேரத்தில் விளம்பரம் வந்தால் அது மூன்று வரியாகும். இந்த வழி நெடுக, அந்தப் பாட்டி யார் என்று கேட்கத் தோன்றும் ஒருவர் இல்லாமல் போகிறார். அந்த ‘ஒருவர்’ இல்லாததைத்தான் மேலே சொன்ன பூஜ்யம் குறிக்கிறது. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்த நாளிதழையும் சேர்த்தே சொல்கிறேன்.

வாசிக்கும்போது கேட்க வேண்டியவை

படிப்பகத்தில் பிள்ளைகளும் நானும் சேர்ந்து ஐந்து கேள்விகளை எழுதிச் சுவரில் ஒட்டினோம்.

முதலாவது, இந்தச் சேதியை முதலில் சொன்னது யார்? காவல்துறையா, அதிகாரியா, பாதிக்கப்பட்டவரா? ‘கூறப்படுகிறது’ என்று முடிந்தால், யாரால் கூறப்படுகிறது என்று தேடுங்கள்.

இரண்டாவது, யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கு இல்லை? ஆய்வு செய்ய வந்த அதிகாரிகள் ஐந்து பேருக்கும் பெயர், பதவி இருக்கும். மலக்குழியில் இறங்கி இறந்தவர் ‘தொழிலாளி’ ஆகிவிடுவார்.

மூன்றாவது, வினைச்சொல்லைப் பாருங்கள். ‘அடித்தனர்’ என்றால் அடித்தவர் ஒருவர் இருக்கிறார். ‘தாக்கப்பட்டார்’ என்றால் தாக்கியவர் மறைந்துகொள்ளலாம். ‘மோதல்’ என்றால் இரண்டு பேரும் சமம். தமிழ் இலக்கணத்தில் செய்வினை, செயப்பாட்டுவினை என்று மதிப்பெண்ணுக்குப் படிக்கிறோமே, அது இங்கேதான் உதவும்.

நான்காவது, சாதி எந்த இடத்தில் சொல்லப்படுகிறது, எந்த இடத்தில் மறைக்கப்படுகிறது? குற்றத்துக்குத் தொடர்பில்லாதபோது குற்றவாளியையோ பாதிக்கப்பட்டவரையோ சாதி சொல்லி அடையாளப்படுத்தக் கூடாது என்பது இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நெறிமுறை. ஆனால் சாதியின் பெயரால்தான் வழி மறிக்கப்பட்டது என்றால், அதைச் சொல்லாமல் விட்டால் செய்தியே இல்லை.

ஐந்தாவது, மறுநாள் என்ன ஆனது? பல செய்திகள் முதல் நாளோடு முடிந்துவிடும். வழக்குப் பதிவானதா, எந்தப் பிரிவில் என்று தெரிந்துகொள்ள வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவர் இலவசமாகப் பெறலாம். அதையும் செய்தியையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

கைப்பேசியில் வருவதற்கும் இதே கேள்விகள்தாம், கூடுதல் எச்சரிக்கையோடு. நாளிதழின் கடைசிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் வெளியிடுபவர், அச்சிடுபவர், ஆசிரியர் பெயரும் இடமும் இருக்கும். அச்சிட்டவர் பெயரும் இடமும் போட வேண்டும் என்பது 1867ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்துவிட்டது. தவறென்றால் யாரைக் கேட்பது என்று நமக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் வரும் படத்துக்கு அப்படி ஒரு முகவரி கிடையாது. எங்கோ எப்போதோ எடுத்த படத்தை நேற்று பக்கத்து ஊரில் நடந்ததாகப் பரப்பினால், அதனால் எரிவது பெரும்பாலும் காலனி வீடுகள்தாம். யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று தெரியாத எதையும் நம் பக்க நியாயத்தைப் பேசுகிறது என்பதற்காகவே அனுப்பிவிடக் கூடாது. பொய்யை நம்பி நிற்கும் நியாயம் மறுநாளே சரிந்துவிடும்.

எழுதவும் வேண்டும்

செய்தி தவறாகவோ அரைகுறையாகவோ வந்தால் முதலில் ஆசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டும். தேதி, பக்கம், எது தவறு, சரியான விவரம் என்ன, அதற்கு ஆதாரம் என்ன என்பதை ஒரே பக்கத்தில் எழுதினால் போதும். கோபம் வேண்டாம், விவரம் வேண்டும். பதில் வராவிட்டால் பத்திரிகை கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வெளியான இரண்டு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். செய்தித் துணுக்கு, ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகல் இரண்டையும் இணைக்க வேண்டும். கவுன்சிலால் தண்டனை கொடுக்க முடியாது; எச்சரிக்கவும் கண்டிக்கவும் முடியும். ஆனாலும் அது பதிவாகும்.

சொந்தமாக எழுதலாம். உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட் பகுதியில் 2002இல் கிராமத்துப் பெண்கள் சேர்ந்து ‘கபர் லகரியா’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். பெரும்பாலோர் தலித் பெண்கள். சாலை, குடிநீர், மருத்துவமனை, வன்கொடுமை என்று தங்கள் வட்டாரச் செய்திகளைத் தங்கள் பேச்சு மொழியிலேயே எழுதினார்கள். இன்று கைப்பேசியில் படம்பிடித்துச் செய்தி தருகிறார்கள். தமிழில் 1997இல் தொடங்கிய ‘தலித் முரசு’ புதிய தலைமுறை எழுத்தாளர்களுக்கு இடம் கொடுத்தது.

எங்கள் பிள்ளைகளும் தொடங்கினார்கள். சார்ட் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய சுவர் இதழ். முதல் செய்தி அந்தப் பாட்டியைப் பற்றியது. பெயர், வயது, எத்தனை ஆண்டு நடவு நட்டார், என்ன பாட்டுப் பாடுவார், எப்போது இறந்தார், உடல் எவ்வளவு நேரம் சாலையோரம் இருந்தது எல்லாம் எழுதினார்கள். மறித்தவர்கள் பெயரை எழுதலாமா என்று ஒரு மாலை முழுக்கச் சண்டை. நேரில் பார்த்தவர்கள் சொல்வதை மட்டும் எழுதுவது, மறுதரப்பில் ஒருவரையாவது கேட்பது என்று முடிவானது. கிராம வரைபடத்தைப் பார்த்தபோது அந்த வழி பொதுப்பாதை என்று இருந்தது. ஐந்து வரிச் செய்தியில் இல்லாத அந்த விவரத்தைக் கண்டுபிடித்தவன் ஒன்பதாம் வகுப்புப் பையன்.

ஆசிரியருக்கும் கடிதம் அனுப்பினோம். அது வெளிவரவில்லை. ஆனால் அடுத்த மாதம் பாதைப் பிரச்சினைக்காகத் தாசில்தார் பேச்சுவார்த்தை நடத்திய அன்று, அந்தப் பகுதியின் செய்தியாளர் காவல் நிலையத்தோடு நிற்காமல் காலனிக்கே வந்தார். படிப்பகத்துச் சுவரில் இருந்ததை நின்று படித்தார். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, என்ன நடந்தது, சொல்லுங்கள் என்றார். பெரியவர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் எழுதி முடித்துப் புறப்படும்போது அந்தப் பெண் முன்னால் வந்து கேட்டாள்:

“எங்க பாட்டி பேரை எழுதிக்கிட்டீங்களா, சார்?”